குத்தூசி இல்லாத கடை

ஆடிட்டர் ஆபீஸ்காரர்கள் சேர்ந்து ஒரு மலர் போடுகிறார்களாம். "நாலு பக்கம் எழுதிக் குடுங்க சார், ஒங்க அனுபவத்த" என்று பவித்ரா போனில் கேட்டாள். தேனியில் நான் முப்பத்தாறு வருடம் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள். தலைப்பையும் அவளே கொடுத்துவிட்டாள். கணக்கில் குட்வில்லை என்ன செய்வது? விலை கொடுத்து வாங்கிய ஒரு கடையின் பேரை வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துக்கொண்டே வருவதா, அல்லது அப்படியே வைத்திருந்து வருடத்துக்கு ஒரு தடவை சோதித்துப் பார்த்து, மதிப்பு இறங்கியிருந்தால் மட்டும் கழிப்பதா? பெரிய கம்பெனிக்கு ஒரு விதி, சின்னக் கடைக்கு ஒரு விதி. எது சரி என்று அவர்களுக்குள் வாட்ஸ்அப்பில் ஒரு வாரமாகச் சண்டையாம்.

சோதித்துப் பார்ப்பது என்று அவள் சொன்னதுமே, "வேற ஆளப் பாரும்மா" என்று போனை வைத்துவிட்டேன். அப்புறம் நான்கு நாள் தூக்கம் இல்லை. சரி, எழுதித் தொலைக்கிறேன். மலரில் போடுவதும் போடாததும் அவர்கள் பாடு.

நான் மார்க்கையன்கோட்டைக்காரன். பி.காம். முடித்து, இரண்டு வருடம் சும்மா சுற்றிவிட்டு, ஆடிட்டர் கோதண்டராமன் ஆபீஸில் உதவியாளனாகச் சேர்ந்தேன். கடைசி வரைக்கும் உதவியாளன்தான். முதல் மூன்று வருடம் கூட்டல் மட்டும். பேரேட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் மேலிருந்து கீழே ஒரு தடவை, கீழிருந்து மேலே ஒரு தடவை கூட்டி, இரண்டும் ஒத்து வந்தால் அடியில் சிவப்புப் பென்சிலால் ஒரு டிக். அந்த வருடங்களைப் பற்றி அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

கோதண்டராமன் சார் கத்த மாட்டார். கத்தியிருந்தால் தேவலை. நாம் கொண்டுபோன தாளைப் படிப்பார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைப்பார். தாளை இரண்டு விரலால் நம் பக்கம் தள்ளி, "ஆதாரம்?" என்பார். அவ்வளவுதான். சணல் வாங்கிய பத்து ரூபாயானாலும் ஆதாரம், தோப்பு வாங்கிய பத்து லட்சமானாலும் ஆதாரம். அதைக் கொண்டுபோய் வைத்தால் பச்சைப் பென்சிலால் ஒரு டிக் போடுவார். பச்சைப் பென்சிலை அவர் தவிர யாரும் தொடக் கூடாது. அந்தப் பச்சை டிக்குக்காக நாங்கள் ஆறு பேர் நாயாக அலைந்தோம். அவரை வெறுத்தேன் என்று சொல்ல முடியாது. அவரைப் போல இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன், அதுதான் வினை.

குட்வில் விஷயத்தில் அவருக்கு ஒரே விதி. ஓடைப்பட்டியிலிருந்து ஓர் உரக்கடைக்காரர் ஒரு தடவை வந்தார். பேங்க்கில் கடன் கேட்டிருக்கிறார், சொத்துக் கணக்கில் கொஞ்சம் கனம் வேண்டும். அவரே கணக்குப்பிள்ளையை வைத்து 'குட்வில், ஐந்து லட்சம்' என்று எழுதிக்கொண்டு வந்துவிட்டார்.

சார் கண்ணாடியைக் கழற்றினார். "இந்த அஞ்சு லட்சத்தை யார் யாருக்குக் குடுத்தது?"

"யாரும் யாருக்கும் குடுக்கல சார். எம் பேருதான. திராட்சத் தோட்டக்காரன் ஒருத்தன் விடாம எங்கிட்டதான் வாரான். இருபது வருசமாச்சு. இந்தப் பேருக்கு அஞ்சு லட்சம்கூடப் பெறாதா?"

"பெறும். அதுக்கு மேலயும் பெறும். ஆனா நீங்களே உண்டாக்கின பேரை நீங்களே கணக்குல எழுதக் கூடாது. ஒருத்தன் காசு குடுத்து வாங்கினாத்தான் அது குட்வில். அது வரைக்கும் அது வெறும் நல்ல குணம்."

உரக்கடைக்காரர் எழுந்து போகும்போது வாசலில் என்னிடம், "அப்ப நான் நல்லவனா இருக்கிறதுக்கு ஒரு ரூவாகூட இல்லைங்கிறாரு, அப்படித்தான?" என்று கேட்டுவிட்டுப் போனார். நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லி ஒரு மாதம் சிரித்தோம். இப்போது சிரிப்பு வரவில்லை.

இனி நான் சொல்ல வேண்டியது தேவாரத்து ரெட்டைக்கடையைப் பற்றி.

தேவாரம் பஜாரில் அது ஒரு பயறு மண்டி. மொச்சை, தட்டை, உளுந்து, துவரை. இரண்டு பங்குதாரர்கள். ஒருவர் சௌந்தரபாண்டி, அந்த ஊர்ச் சம்சாரி, விவசாயக் குடும்பம். மற்றவர் ஞானமுத்து, போடியில் மூன்று தலைமுறையாகக் கடை வைத்திருந்த கிறிஸ்தவக் குடும்பம். இருவரும் ஒரே வயது. ஒருவரை ஒருவர் "மாப்ளே" என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். கடைக்கு முறையான பெயர் ஒன்று பதிவில் இருந்தது, அதை நான் மட்டும்தான் பயன்படுத்தினேன். சாக்கின் மேல் நீலத்தில் இரண்டு கோடு போட்டு அனுப்புவார்கள். அதனால் ஊருக்கு அது ரெட்டைக்கடை, சரக்கு ரெட்டைக்கோடு.

மண்டியில் மூட்டை வாங்குகிறவன் குத்தூசி இல்லாமல் வர மாட்டான். கூரான முனையும் உள்ளே குழிவும் உள்ள இரும்பு ஊசி அது. மூட்டையில் குத்தி இழுத்தால் உள்ளிருந்து ஒரு கைப்பிடி தானியம் குழிவில் வரும். வண்டு, கல், சொத்தை எல்லாம் அதில் தெரிந்துவிடும். மேலே நல்ல சரக்கைப் பரப்பி நடுவில் குப்பையைத் திணிக்கிறவர்கள் இருக்கும் தொழிலில் குத்தாமல் யார் வாங்குவார்?

ரெட்டைக்கோட்டைக் குத்த மாட்டார்கள். கம்பமெட்டு தாண்டிக் கேரளாவுக்குப் போகிற மூட்டையானாலும் சரி, போடிமெட்டு ஏறுகிற மூட்டையானாலும் சரி. "ரெட்டைக்கோடா? ஏத்து" என்பதோடு சரி. காரணம் இருந்தது. சம்சாரியிடம் வாங்கும் ஒவ்வொரு மூட்டையையும் இவர்கள் களத்தில் கொட்டிவிடுவார்கள். பாதி மூட்டை, கால் மூட்டை என்று கணக்கே கிடையாது, முழு மூட்டையும் தரையில். ஐந்தாறு பெண்கள் உட்கார்ந்து சலித்து, பொறுக்கி, வேறு சாக்கில் அள்ளித் தைப்பார்கள். கொட்டாத மூட்டைக்குக் கோடு கிடையாது. எல்லாவற்றையும் கொட்டிப் பார்க்கிற இடத்தில் குத்தூசிக்கு என்ன வேலை? அந்தக் கடையில் குத்தூசியே கிடையாது. பயறு மண்டியில் குத்தூசி இல்லை என்று சொன்னால் நம்ப மாட்டார்கள், ஆனால் அதுதான் உண்மை.

அவர்கள் கணக்கை நான் இருபது வருடம் பார்த்தேன். வருடக் கணக்கை முடித்துக் கொண்டுபோனால் சௌந்தரபாண்டி படித்துப் பார்க்க மாட்டார். எங்கே கையெழுத்து என்று மட்டும் கேட்பார். "ஒரு தடவை பாத்துக்கங்கண்ணே" என்பேன். "நீங்க எழுதுனா சரியாத்தான இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே நான்கு பக்கத்திலும் போட்டுவிட்டு, எனக்குக் காப்பி சொல்வார். அவர் அப்படிச் சொல்வதில் எனக்கு ஒரு பெருமை. பஸ்ஸில் திரும்பி வரும்போது அதை நினைத்துக்கொண்டே வருவேன்.

ஞானமுத்துவுக்கு நெஞ்சு வலி வந்தது. மகள் கோயம்புத்தூரில். அங்கேயே வந்துவிடச் சொன்னாள். சண்டை இல்லை, சச்சரவு இல்லை. கூட்டைப் பிரித்துக்கொள்ளலாம் என்று இருவரும் சேர்ந்தே எங்கள் ஆபீஸுக்கு வந்தார்கள். கூட்டுப் பத்திரத்தில் தெளிவாக இருந்தது: ஒருவர் விலகினால் கடைசி மூன்று வருட லாபத்தின் சராசரியை எடுத்து இரண்டால் பெருக்கி, அதைக் கடையின் குட்வில்லாகக் கொள்ள வேண்டும், விலகுகிறவருக்கு அதில் அவர் பங்கு. சராசரி லாபம் ஆறு லட்சம் வந்தது. இரண்டால் பெருக்கினால் பன்னிரண்டு. ஞானமுத்துவுக்குப் பாதி, ஆறு லட்சம்.

"கூடப் போட்டுக்கங்க சார்" என்றார் சௌந்தரபாண்டி. "ரெட்டைக்கோட்டுல ஒரு கோடு அவந்தான."

"போடா, போதும்" என்றார் ஞானமுத்து.

பணத்துக்கு சௌந்தரபாண்டி மலையடிவாரத்துத் தென்னந்தோப்பை பேங்க்கில் அடகு வைப்பதாக முடிவாயிற்று. பிரிகிற தேதியில் கடையில் என்ன சரக்கு இருக்கிறது என்று நேரில் பார்த்து எழுத வேண்டும். சார் என்னைக் கூப்பிட்டார். "வேலுச்சாமி, எண்ணிக்கை மட்டும் போதாது. நூத்துக்குப் பத்து மூட்டை குத்திப் பாருங்க. உள்ள என்ன இருக்குன்னு யார் கேட்டாலும் நம்ம கையில ஆதாரம் இருக்கணும்."

அதில் தப்பு இல்லை. எந்த ஆடிட்டரும் அப்படித்தான் சொல்வார்.

போனேன். சந்தை நாள். லாரிகள் வரிசையாக நின்றன. மூட்டைகளை எண்ணி முடிக்கவே மூன்று மணி ஆகிவிட்டது. "இனி குத்திப் பாக்கணும்ணே. குத்தூசி எங்க இருக்கு?" என்றேன்.

சௌந்தரபாண்டி முகம் ஒரு மாதிரி ஆயிற்று. "நம்ம கடையில அது இல்லையே சார். கொட்டிக் காட்டவா? எத்தன மூட்டை வேணும்னாலும் சொல்லுங்க, அம்புட்டையும் கொட்டிருவோம். பொம்பளையாளுக இருக்காக."

நான் மணியைப் பார்த்தேன். பத்துப் பதினைந்து மூட்டைகளைக் கொட்டி, பார்த்து, அள்ளித் தைக்க இருட்டிவிடும். ஐந்தரை பஸ்ஸை விட்டால் நான் வீடு போய்ச் சேர எந்நேரமாகுமோ. "அதெல்லாம் வேண்டாம்ணே, குத்திப் பாக்கச் சொல்லித்தான் சார் உத்தரவு. ரெண்டு நிமிச வேலை" என்று சொல்லிவிட்டு, நானே இறங்கிப் பக்கத்து மண்டிக்குப் போனேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் நிற்கவில்லை. ஐயோ, நின்றிருக்கலாமே.

பக்கத்து மண்டி தங்கராசுவுடையது. ரெட்டைக்கடைக்கு இருபது வருடப் போட்டி. நான் போய் நின்று குத்தூசி கேட்டதும் அந்த மனுசன் முகத்தில் வந்த மலர்ச்சியை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

"ரெட்டைக்கடைக்கா சார்? குத்தூசியா? தாராளமா எடுத்துக்கங்க! ஏலே, நல்ல ஊசியா எடுத்துக் குடுங்கடா. என்னா சார் விசேசம், ஆடிட்டரே குத்திப் பாக்கச் சொல்லிட்டாகளா?"

"பங்கு பிரியுதுல்ல, அதுக்குத்தான்" என்றேன். என் வாயில் மண்ணைத்தான் போட வேண்டும். ஊசியோடு என் பின்னாலேயே தங்கராசுவும் வந்தார், அவர் பின்னால் நான்கு பேர்.

பன்னிரண்டு மூட்டைகளைக் குத்தினேன். ஒவ்வொரு தடவையும் வந்த பயறை உள்ளங்கையில் கொட்டி விரலால் கிளறிப் பார்த்துக் குறித்துக்கொண்டேன். ஒரு வண்டு இல்லை, ஒரு கல் இல்லை. என் முப்பத்தாறு வருடத்தில் அவ்வளவு சுத்தமான சரக்கைப் பார்த்ததில்லை. சணல் சாக்கில் குத்திய ஓட்டையை விரலால் தேய்த்து மூடிவிடலாம். தேய்த்த இடம் மட்டும் தெரியும். பன்னிரண்டு ஓட்டையையும் சௌந்தரபாண்டியே தேய்த்து மூடினார்.

அந்த நேரம் பார்த்து பேபிச்சன் லாரியோடு வந்து நின்றார். கேரளாவில் கட்டப்பனைப் பக்கம் பெரிய பலசரக்குக் கடை வைத்திருக்கிறவர். பத்து வருடமாக ரெட்டைக்கோடு தவிர வேறு எடுக்காதவர். சாக்கைத் தடவினார்.

"எந்தா அண்ணாச்சி இது? சாக்குல எல்லாம் குத்தின தடம்?"

"அது ஆடிட்டுக்குப் பாத்தாக சேட்டா. வேற ஒன்னுமில்ல" என்றார் சௌந்தரபாண்டி.

"ஓ" என்றார் பேபிச்சன். மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போனார். எனக்கு பஸ் கிடைத்தது. மறுநாள் சாரிடம் தாளை வைத்தேன். "குத்திப் பாத்தீங்களா?" "பாத்தேன் சார், பன்னிரண்டு மூட்டை. எல்லாம் முதல் தரம்." பச்சை டிக்.

அடுத்த சந்தைக்கு பேபிச்சன் வரும்போது கையில் ஒரு குத்தூசி இருந்தது.

அதற்குள் பஜாரில் கதை ஓடிவிட்டது. ஒருத்தரை ஒருத்தர் ஏமாற்றிவிட்டார்களாம். அதனால்தான் பிரிகிறார்களாம். சரக்கின் நடுவில் என்ன இருக்கிறது என்று ஆடிட்டரே நேரில் வந்து குத்திப் பார்த்தாராம். "நான் சொல்லல, எங்கிட்டதான் வந்து ஊசி வாங்கிட்டுப் போனாக" என்று தங்கராசு டீக்கடையில் சொன்னாராம். அவர் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை.

கணக்கை எழுதும் வேலை என்னிடம் வந்தது. ஆறு லட்சம் கைமாறியாயிற்று. இப்போது எழுதலாம். பன்னிரண்டா, ஆறா என்று சாரிடம் கேட்டேன். சார் நிதானமாகச் சொன்னார்: "சௌந்தரபாண்டி காசு குடுத்தது ஞானமுத்துவோட பாதிக்கு. அதை எழுதலாம். அவரோட சொந்தப் பாதிக்கு யாரும் காசு குடுக்கலை. அது அவரே உண்டாக்கினது. அதை எழுதக் கூடாது." ஆக, ஒரே கடை, ஒரே பேர். அதில் பாதிக்கு விலை உண்டு, பாதிக்கு இல்லை. 'குட்வில், ஆறு லட்சம்' என்று எழுதி, ஐந்து வருடத்தில் சமமாகக் கழிப்பது என்று குறிப்பும் போட்டேன். கணக்குப்படி அப்பழுக்கு இல்லாத வேலை. பவித்ரா இன்றைக்குப் பார்த்தாலும் குற்றம் சொல்ல மாட்டாள்.

அந்த வருட முடிவில் செலவுச் சீட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சணல், கோணி, தராசு முத்திரைக் கட்டணம். நடுவில் போடி இரும்புக்கடைச் சீட்டு ஒன்று. 'குத்தூசி 1.'

அதைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. வாங்க வருகிறவனெல்லாம் ஊசியோடு வந்தால் கடைக்காரரும் ஒன்று வாங்கித்தானே ஆக வேண்டும்? குத்துகிறவன் குறை சொல்லாமல் போக மாட்டான். ஒரு சொத்தைக்கு இவ்வளவு, தூசிக்கு இவ்வளவு என்று விலையை இறக்குவான். அடிமாட்டு விலைக்குத் தர மனமில்லாமல் சௌந்தரபாண்டி மூட்டைகளை நிறுத்தி வைத்தார். முன்பெல்லாம் தைத்த மூட்டை ஒரு வாரத்துக்கு மேல் கடையில் தங்காது. இப்போது மாதக்கணக்கில் தங்கியது. பயறு தங்கினால் வண்டு விழும். வண்டு நிஜமாகவே விழுந்தது. அப்புறம் குத்தினவனுக்கு வண்டே கிடைத்தது.

அந்தச் சீட்டோடு சாரிடம் போனேன். "சார், ரெட்டைக்கடை குட்வில்லை இந்த வருசமே முழுசாக் கழிச்சிரலாம். அங்க இனி ஒன்னும் இல்ல."

"ஏன்?"

சொன்னேன். குத்தூசி கேட்டுப் போனது, தங்கராசு, பேபிச்சன், எல்லாவற்றையும் சொன்னேன். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"நீங்க குத்தினதாலதான் வியாபாரம் போச்சு. ஆதாரம்?"

குத்தூசிச் சீட்டை நீட்டினேன். அதை இரண்டு விரலால் என் பக்கம் தள்ளினார். "இது நூத்திச் சொச்சம் ரூபாய்க்கு ஒரு இரும்பு ஊசி வாங்கினதுக்கு ஆதாரம். வேற எதுக்கும் இல்லை. ஒரு வருசம் லாபம் இறங்கினா அது வியாபாரம். பேங்க்காரனும் கணக்கைப் பார்ப்பான், முழுசாக் கழிச்சா பயந்து கடனை இறுக்குவான். அந்த மனுசனுக்குக் கெடுதல் பண்ணாதீங்க. அஞ்சாவே கழிங்க."

கடைசியாகச் சொன்னதில் அவருக்கு அக்கறை இருந்தது, அதை மறைக்கக் கூடாது. நான் திரும்பி வந்து ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தேன். மீதி நான்கு லட்சத்து எண்பதாயிரம் சொத்துக் கணக்கில் உட்கார்ந்தது. பேர் உயிரோடு இருந்தவரை கணக்கில் சல்லிக் காசு இல்லை. செத்த பிறகு நான்கு லட்சத்து எண்பதாயிரம். நான் எழுதியது, நானே கூட்டியது.

இரண்டாம் வருடக் கணக்கைக் கொண்டுபோனபோது சௌந்தரபாண்டி வழக்கம்போல எங்கே கையெழுத்து என்று கேட்டுப் போட்டார். போட்டுவிட்டு, "சார், அந்தக் குட்வில்லு இன்னும் எம்புட்டு இருக்கு?" என்றார்.

"மூணு லட்சத்து அறுபதுண்ணே. வருசா வருசம் கொறையும்."

"நான் காசு குடுத்து வாங்குன பாதிதான அது?"

"ஆமாண்ணே."

"அப்ப போனது எந்தப் பாதி சார்? அவனோடதா, என்னோடதா?"

காப்பி வந்தது. குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

அந்த வருடம்தான் ஞானமுத்து கோயம்புத்தூரிலிருந்து எனக்குப் போன் செய்தார். பேசினால் மூச்சு வாங்கியது. "ஏன் சார், கடை சரியில்லைன்னு சொல்றாக. அவன் கேட்டா ஒன்னும் சொல்ல மாட்டேங்கிறான். எங்க பேரு எப்படி சார் போச்சு? நான் விட்டு வந்ததுனாலயா?" அந்த ஆறு லட்சத்தில் ஆஸ்பத்திரிச் செலவு போக ஏதாவது மிஞ்சியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று பார்த்தாராம், ஒன்றும் மிஞ்சவில்லையாம். சொல்லும்போது அழுதார். நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். "சந்தை நெலவரம் சரியில்லண்ணே, எல்லாருக்கும் அப்படித்தான்" என்றேன். நான்கு மாதத்தில் அவர் போய்விட்டார். தன்னால்தான் கடை கெட்டது என்று நினைத்துக்கொண்டே போயிருப்பார். இந்தப் பாவத்தை எந்த வருடத்தில், எத்தனை பங்காகப் பிரித்துக் கழிப்பது?

மூன்றாம் வருடம் பங்குனியில் சௌந்தரபாண்டி கடையை மூடினார். தோப்பை விற்று பேங்க் கடனை அடைத்தாயிற்று. சலிக்கிற பெண்கள் அதற்கு முந்தின வருடமே நின்றுவிட்டார்கள். அவர்களில் இருவர் தங்கராசு கடையில் சேர்ந்திருந்தார்கள். கடைசிக் கணக்கை எடுத்துக்கொண்டு நான் தேவாரம் போனேன். அன்று சந்தை நாள் இல்லை. களம் வெறிச்சென்று இருந்தது. ஒரு நாற்காலி, ஒரு தராசு, சுவர் ஆணியில் குத்தூசி.

மீதி இருந்த குட்வில்லை முழுதாக எழுதித் தள்ள வேண்டும். அதற்குக் காரணம் என்று ஒரு வரி எழுதியிருந்தேன்: 'சந்தை நிலவரம் காரணமாக.' அந்தத் தாளை அவர் முன்னால் வைத்தேன். இதற்கு மேல் முடியாது என்று தோன்றியது.

"அண்ணே, இதுல எழுதியிருக்கிறது பொய். அன்னைக்கு நீங்க கொட்டிக் காட்டுறேன்னு சொன்னீக. எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னுதான் நான் தங்கராசு கடைக்குப் போனேன். அதுதான் ஒங்க கடையக் கெடுத்துச்சு. நான்தான் கெடுத்தேன்."

சௌந்தரபாண்டி ஆணியில் தொங்கிய ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருக்கலாம்.

"தெரியும் சார். நீங்க அங்கன படியெறங்கும்போதே தெரியும். கையப் புடிச்சு நிறுத்தியிருப்பேன். ஆடிட்டர் ஆபீஸ்ல இருந்து வந்திருக்காக, இருவது வருசமா நம்ம கணக்கப் பாக்குறவுக, அவுக செஞ்சா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்." ஊசியிலிருந்து கண்ணை எடுத்துச் சொன்னார்: "ஒங்களையும் நான் குத்திப் பாக்கலையே சார்."

எங்கே கையெழுத்து என்று கேட்பார் என்று பேனாவை நீட்டினேன். அவர் பேனாவை வாங்கிப் பக்கத்தில் வைத்தார். சட்டைப் பையைத் துழாவி மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டினார். அவரிடம் கண்ணாடி இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். முதல் பக்கத்தின் முதல் வரியில் விரலை வைத்து, எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தார்.

நான்கு பக்கத்தையும் படித்தார். மூன்றாம் பக்கத்தில் நின்று, "இது என்னா கணக்கு?" என்று கேட்டார். சொன்னேன். அவர் தலையாட்டவில்லை. ஒரு பழைய சீட்டைத் திருப்பி வைத்துக்கொண்டு, தொகையை ஒவ்வொன்றாக எழுதி, மேலிருந்து கீழே ஒரு தடவை, கீழிருந்து மேலே ஒரு தடவை கூட்டிப் பார்த்தார். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். கூட்டல் சரியாகத்தான் இருந்தது.